போகிற வழி மட்டும்

எருமைக் குட்டைக்கு இந்தப் பக்கம் என்ன? குட்டை இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் கருங்கல் வாசல் இருக்கிறது, எல்லாம் சரி, ஆனால் குட்டையிலிருந்து வீட்டைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தால் கால் எங்கே படும்? நாஷே நூடுல்ஸ் கடையின் பின்கட்டில் குழாயடியில் குந்தி வேர் அலசிக்கொண்டிருந்தாள். வெள்ளையாய், கணுக்கணுவாய், விரல் நீளத்துக்கு இருக்கிற வேர். சீனாவின் யுன்னான் மலைப்பக்கத்தில் அதை மிளகாயும் வினிகரும் போட்டுப் பச்சையாகவே தின்பார்கள். வெளியூர்க்காரர்கள் வாயில் வைத்ததும் துப்பிவிடுவார்கள், அப்படி ஒரு பச்சை மீன் வாடை அடிக்கும். அவள் மகள் வீமோவுக்கு அது ஒன்று இருந்தால் போதும், வேறு கறி கேட்கமாட்டாள். வீமோ குன்மிங் நகரத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். மழை பெய்தால் என்ன, மலைப் பாதையில் மழை புதுசா, வருவாள், வராமல் எங்கே போவாள். எங்கே போவாள் என்று நினைத்ததும் தண்ணீருக்குள் கை நின்றுவிட்டது. எங்கே போவாள் என்பதுதான் நாஷேக்குத் தெரியுமே. அவளே அல்லவா வாயால் வழி சொல்லி அனுப்பி வைத்திருக்கிறாள், இன்று காலை, இதே கடையின் முன்மேஜையில், கட்டைவிரல் அளவு கறுப்பு மைக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பெருமையாக, கால்மேல் கால் வேறு போட்டுக்கொண்டு.

கால்மேல் கால். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து ஃபாங் டீச்சர் அவளுடைய பேச்சைப் பதிவு செய்ய வந்திருந்தாள். அரசாங்கக் கணக்கில் நாஷேயின் ஆட்களும் யி இனம்தான். ஆனால் அந்த ஒரே பெயருக்குக் கீழே மலைக்கு ஒரு பேச்சு உண்டு, ஒரு மலைக்காரன் பேசுவது அடுத்த மலைக்காரனுக்கு ஏறாது. நாஷேயின் பேச்சை இன்னும் பேசுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து இந்த ஊர்ச் சந்தைக்கு வந்தாலும் ஒரே பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து திரும்பிப் போய்விடலாம். அந்தப் பேச்சைத் தேடிக்கொண்டு ஒருத்தி வந்து, பல்லுக்கு என்ன சொல்வீங்க அக்கா, பேனுக்கு என்ன, பேன் முட்டைக்கு என்ன என்று தலையைச் சாய்த்துக் கேட்டால் யாருக்குத்தான் தலை கொழுக்காது? இத்தனை வருஷமாக அந்தப் பேச்சில் யாரும் அவளிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. கட்டியவன் குவோபிங் ஹான் சீனன், பெண் வளர்ந்தது அவன் வீட்டாரின் மடியில், கடைக்கு வருகிறவர்கள் பேசுவது சந்தைச் சீனம். பேனிலிருந்து ஆரம்பித்து நாளைக்கு, நாளன்றைக்கு, நுரையீரல், ஆற்று நுரை என்று போய், கடைசியில் டீச்சர், பாட்டு ஏதாவது தெரியுமா அக்கா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தாலாட்டு ஒன்றைப் பாடியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. எங்க அப்பா வழி சொல்றவரு, அந்தப் பாட்டே எனக்குத் தெரியும் என்றாள்.

வழி சொல்கிறவர் என்றால், செத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, உயிருக்குப் போகிற வழியை ஊர் ஊராகச் சொல்லி அனுப்புகிறவர். அடுப்பங்கரையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சந்து, சந்திலிருந்து மேடு, இப்படியே மலை மலையாக வடக்கே போய், ஆதி முன்னோர்கள் காத்திருக்கிற பனிமேடு வரைக்கும் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. பெண்கள் பாடக் கூடாது. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சமையல்கட்டுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது வெறும் மூங்கில் தட்டிதான். பாட்டில் அடிக்கு அடி செத்தவர் பெயர் வர வேண்டும். அப்பா பழகிப் பார்க்கும்போது பெயர் வருகிற இடத்தில் ‘கல்’ என்று போட்டுக்கொள்வார். கல் நடந்து போனால் யாருக்கு என்ன நஷ்டம்? நாஷேயும் மறக்கவில்லை, கல் என்றுதான் ஆரம்பித்தாள். கல்லே எழுந்திரு, கல்லே செருப்பை மாட்டு. ஆனால் அவர்கள் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குரல் உயரம் உண்டு. கல் மேலே தூக்கிச் சொல்ல வேண்டிய சொல், பாட்டின் அடி கீழே இறங்குகிறது. ஒவ்வோர் அடியிலும் வாய் நொண்டியது. மைக் முன்னால் நொண்டுவது வெட்கமாக இருந்தது. பாட்டு சூடு பிடித்த பிறகு, மேலே தொடங்கிக் கீழே இறங்குகிற ஒரு பெயரை வாய் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டது. காலையில் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கிலேயே கிடந்த பெயர். வீமோ எழுந்திரு. வீமோ செருப்பை மாட்டு. சுருதி சேர்ந்தது. ஐயோ, எவ்வளவு அழகாகச் சேர்ந்தது. திரும்பிப் பார்க்காதே வீமோ, அடுப்பை நினைக்காதே வீமோ, இதோ சந்து, இதோ மேடு. பனிமேடு வரைக்கும் பாடி முடித்துச் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள். டீச்சர் பதிவை ஓட்டிக் காட்டியபோதுதான் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அவள் குரலே அவள் பெற்ற பெண்ணைச் செத்தவர்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போவதைக் கேட்டாள்.

“அழிச்சிடுங்க டீச்சர்.”

“ஏன் அக்கா? எவ்வளவு நல்லா வந்திருக்கு!”

“அந்தப் பேரு உசுரோட இருக்கிற ஆளு பேரு. என் பொண்ணு பேரு.”

டீச்சர் முகம் மாறியது, கெட்டவள் இல்லை அவள், உடனே அழித்துவிட்டாள், அழித்ததைக் காட்டவும் செய்தாள். பெட்டியில் இல்லை. பெட்டியில் இல்லாவிட்டால் பாடாமல் இருந்ததாக ஆகிவிடுமா? அதோடு விடாமல் டீச்சர் ஒன்று கேட்டாள், ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்கிற மாதிரி. “அக்கா, பாடுறவரும் கூடவே அவ்வளவு தூரம் போறாரே, அவரு எப்படித் திரும்பி வருவாரு?” நாஷே தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். வருவார். வருவதற்கு வேறு பாட்டு உண்டு. பனிமேட்டில் உயிரை ஒப்படைத்த கையோடு அப்பா யாரிடமும் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். காட்டோரமாக, காது எட்டாத தூரத்தில் நின்று, போன வழியை இடம் இடமாகத் திருப்பிச் சொல்லித் தன்னையும் அந்தப் பாட்டைக் கேட்ட எல்லோரையும் மீட்டுக்கொண்டு வருவார். வந்து வாசலில் நிற்பார். கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து அம்மா, வந்தாச்சா என்று கேட்பாள். வந்தாச்சு என்பார். மூன்று தடவை கேட்டு மூன்று தடவை பதில் வந்தால்தான் தாழ்ப்பாள் விலகும். நாம் வந்தான், வந்தாள், வந்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவோம். அவர்கள் பேச்சில் வந்தது ஆணா பெண்ணா மாடா மழையா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. நம்முடைய வந்தாச்சு மாதிரி ஒரு பொதுச் சொல். திரும்புகிற வழியை அப்பா தனியாகச் சொன்னதால் சமையல்கட்டுப் பெண்கள் காதில் அது விழவே இல்லை. நாஷேக்குத் தெரிந்தது போகிற வழி மட்டும்.

சின்ன வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். திரும்பச் சொல்லாம விட்டுட்டா என்னப்பா ஆகும்? அப்பா புகைக்குழாயைத் தட்டிக்கொண்டே சொன்னார். “போன ஆளு போனதுதான். இல்ல, தப்பான வழியில கூப்பிட்டா வேற ஏதாச்சும் கூட வரும்.” வேற ஏதாச்சும்னா? “அதுக்குப் பேரு இல்ல. ஆளு மாதிரியே வரும். அதே முகம், அதே சிரிப்பு. சந்தையில பேசுற பேச்செல்லாம் பேசும். நம்ம பேச்சு மட்டும் அதுக்கு வராது. அதுக்குத்தான் மூணு வாட்டி கேக்குறது.” நாஷே அப்போது சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எதற்குச் சிரித்தார் அவர்? பயமுறுத்தவா, இல்லை பயத்தை மறைக்கவா? வேர்களில் மண் போன பிறகும் அவள் அலசிக்கொண்டேயிருந்தாள். பெயர்கள்தானே, பின்னாலிருந்து முன்னால் சொன்னால் தீர்ந்தது என்று டீச்சர் போனதும் துணிந்து ஆரம்பித்தாள். ஆனால் அந்தப் பாட்டு நம் அந்தாதி மாதிரி. ஓர் இடத்தின் கடைசி ஓசை அடுத்த இடத்தைக் கையைப் பிடித்து இழுத்து வரும். போகும்போது வழுக்கிக்கொண்டு போகிறது, திரும்பும்போது ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுவதில்லை, ஒவ்வொன்றையும் அவளே தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. பனிமேடு. அதற்கு இப்பால் பாலமில்லாத ஆறு. அதற்கு இப்பால் உப்புக்காரர் இறங்கிய பள்ளம். வா வீமோ, இந்தப் பக்கம் வா. ஒற்றைப் பைன் மரம். கருங்கல் வாசல். எருமைக் குட்டை. அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் வாய். குட்டைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, காளவாயிலிருந்து மேடு, சந்து, வாசல், அடுப்பு எல்லாம் வரிசையாக நிற்கின்றன, நடுவில் அந்த ஓர் இடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி வழவழவென்று இருக்கிறது.

முன்னோக்கிப் பாடினால் வந்துவிடும். அதுதான் வினை. அடுப்பு, வாசல், சந்து, மேடு, காளவாய் என்று ஓட்டினால் அந்த ஓசையின் வாலைப் பிடித்துக்கொண்டு அந்த இடம் தானாக வந்து நிற்கும், அடுத்த நொடி குட்டையும் வந்துவிடும். ஆனால் முன்னோக்கிப் பாடுவது என்றால் பெண்ணை இன்னொரு தடவை அனுப்புவது. நினைப்பில் பாடினால்? நினைப்புக்கு உதடு இல்லையே, அது கணக்கில் வராதோ? வருமோ? இரண்டு தடவை நினைப்பு தானாகவே அந்தப் பக்கம் வழுக்கிவிட்டது, காளவாய் வரைக்கும் போய்விட்டது, அவள் பல்லைக் கடித்து நிறுத்தினாள். வேறு எதையாவது நினை. வேரை நினை, மழையை நினை. வீமோ சின்னவளாக இருந்தபோது சாக்கடையில் விழுந்து பயந்து, சோறு இறங்காமல் கிடந்ததை நினை. வேண்டாம். ஆனால் அது நல்ல நினைப்புதான். அன்றைக்கு ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கடை ஓரத்திலிருந்து வீடு வரைக்கும், பயத்தில் விலகிப்போன உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்து, வாசலில் நின்று, வந்தாச்சா என்று கேட்டாள். கட்டிலில் கிடந்த வாண்டு சீனம் எதுவும் கலக்காமல், பல்லைக் காட்டிக்கொண்டு, வந்தாச்சு என்றது. வந்தாச்சு, வந்தாச்சு என்று மூன்றுக்குப் பதில் முப்பது தடவை சொன்னது. அப்புறம் பாலர் பள்ளி, அப்புறம் பெரிய பள்ளி, அங்கே யூதிங் என்று அவளுக்கு ஒரு சீனப் பெயர், அந்தப் பெயருக்கு ஒரு நாக்கு. வீமோ என்று கூப்பிட்டால் இப்போதும் திரும்புவாள். பதில் யூதிங்கின் நாக்கில் வரும். அந்த ஒரு சொல் அவளுக்குள் எங்காவது கிடக்கிறதா? அரிசி டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்ட அரிசி மாதிரியாவது?

“எத்தனை தடவை போனைப் பாப்ப?” முன்கட்டிலிருந்து குவோபிங் கேட்டான். மிளகாய் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தான், நெடி பின்கட்டு வரைக்கும் ஏறியது. “மழைன்னா பஸ் முன்ன பின்னதான் வரும். அவ என்ன குழந்தையா?”

“இல்ல.”

“காலையிலேருந்து மூஞ்சி சரியில்ல. அந்த டீச்சரம்மா ஏதாச்சும் சொல்லிட்டுப் போச்சா?”

“ஒண்ணும் இல்ல. எண்ணெய் தீயப் போகுது, பாரு.”

இவனிடம் சொன்னால் சிரிக்க மாட்டான், அது இன்னும் மோசம், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பான், டாக்டரிடம் போலாமா என்பான். நல்ல மனுஷன். அவனுக்குத் தெரிந்த பயமெல்லாம் கேஸ் சிலிண்டர், சுகாதார இன்ஸ்பெக்டர், அவ்வளவுதான். அப்போது போன் ஒலித்தது. வீமோ பேசிப் பதிவு பண்ணி அனுப்பியிருந்தாள். “அம்மா, பஸ் நின்னுடுச்சு. முன்னால மண்ணு சரிஞ்சு கெடக்காம். எப்போ எடுப்பாங்கன்னு டிரைவருக்கே தெரியல. இங்க ஒரு குட்டை இருக்கு, ரெண்டு எருமை கழுத்து வரைக்கும் முங்கிக் கெடக்கு. ஒண்ணு என்னையே பாக்குதும்மா. பசிக்குது.” அவ்வளவுதான். நாஷே திரும்பக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். கூப்பிட்டுப் பார்த்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது சீனத்தில் ஒரு பெண் குரல், எந்த எல்லை என்று சொல்லவில்லை. மலைப் பாதையில் ஆயிரம் குட்டை இருக்கும். எருமை குட்டையில் கிடக்காமல் மரத்திலா கிடக்கும்? இதெல்லாம் நாஷேக்குத் தெரியாமலா? தெரிந்து என்ன பிரயோசனம். அவள் நாக்கு எங்கே நின்றதோ அங்கேதான் பஸ் நிற்கிறது. நாக்கு நகர்ந்தால் பஸ் நகரும். நகராவிட்டால் மேலே இருக்கிற மண்ணும் நனைந்துகொண்டேதான் இருக்கும், நனைந்த மண் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்?

குட்டைக்கு இந்தப் பக்கம். யோசி. மரமா? மரம் ஏற்கெனவே வந்துவிட்டது. பாறையா, பாலமா, கோயிலா? அப்பாவின் குரலை மட்டும் நினைத்துப் பார்த்தாள், சொல்லை விட்டுவிட்டு. மூங்கில் தட்டி, தட்டியின் இடுக்கில் வெளிச்சம், அம்மா சாவுக்கு வந்தவர்களுக்காகப் பெரிய சட்டியில் கொழுப்புக்கறி வதக்குகிறாள், அந்த இடம் வரும்போதெல்லாம் யாரோ ஒரு பெண் மூக்கைப் பொத்திச் சிரிப்பாள். யார்? ஏன் சிரித்தாள்? சாவு வீட்டில் சிரிக்க என்ன இருக்கிறது? பாட்டில் ஏதோ நாற்றம் இருந்தது. நாற்றம் பிடித்த இடம். பிணமா, பன்றிக் கொட்டிலா? எருமை மூத்திரமா? வாடை, வாடை என்று அவள் முணுமுணுத்தபோது அந்த வாடை மூக்கிலேயே இருந்தது. மதியத்திலிருந்து இருந்தது. விரலில், நகக்கண்ணில், சேலைத்தலைப்பு இருந்தால் அதிலும் ஏறியிருக்கும், அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் ஏறியிருந்தது. மீன் இல்லாத மேட்டில் மீன் வாடை. மீன்வாசச் சரிவு! அதுதான், ஆற்றுக்கு எட்டாத ஒரு சரிவு முழுக்க இந்தச் செடி முளைத்துக் கிடக்கும், செத்தவர் அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லி ஓர் அடி உண்டு. நாஷே எழுந்தே விட்டாள். ஈரக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு தன் பேச்சில் வாய்விட்டுச் சொன்னாள். எருமைக் குட்டையை விட்டு வா வீமோ, மீன்வாசச் சரிவுக்கு வா, காளவாய்க்கு வா, மேட்டுக்கு வா, சந்துக்கு வா, வாசலுக்கு வா. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது கண் எரிந்தது, கையில் வேரின் சாறு.

போன் மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை எழுத்துதான். கிளம்பிட்டோம். அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. பிறகு வேர்களைத் தட்டில் அடுக்கி, மிளகாய் நறுக்கத் தொடங்கினாள், பாதி மிளகாயில் அந்த நினைப்பு வந்தது. அது பாட்டில் இருந்த பெயரா, கையில் இருந்த பெயரா? மதியம் முழுக்க மூக்குக்கு அடியில் கிடந்ததை மூளை எடுத்து நீட்டியிருந்தால்? மூக்கைப் பொத்திச் சிரித்த அந்தப் பெண் கொழுப்புக்கறியின் புகைக்குப் பொத்தியிருக்கலாமே. பக்கத்தில் இருந்தவள் ஏதாவது சொல்லியிருக்கலாமே. காளவாயின் கடைசி ஓசையோடு மீன்வாசச் சரிவு சேருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பார்ப்பது என்றால் முன்னோக்கிப் பாடுவது. இனி எந்தக் காலத்திலும் அதைப் பார்க்க முடியாது. இல்லாத ஓர் இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், இல்லாத அந்தச் சரிவில் கால் வைத்து இறங்கி வருவது யார்? தப்பான வழியில் கூப்பிட்டால், என்றாரே அப்பா. ஆனால் பஸ் கிளம்பிவிட்டதே. கிளம்பியது, சரி. அதில் உட்கார்ந்திருப்பது?

மழை விட்டுத் தூறலாகி, சந்தில் விளக்கு போட்டபோது பக்கவாசல் கதவு தட்டப்பட்டது. குவோபிங் முன்கட்டில் ஆட்களுக்கு நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். நாஷே தாழ்ப்பாளை விலக்கிக் கதவை ஓர் ஆள் முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் திறந்தாள். வீமோ நின்றாள். முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அதே முகம், அதே சிரிப்பு. எதிர்வீட்டு நாய், யார் வந்தாலும் குதிக்கிற நாய், திண்ணைக்குக் கீழே படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது.

“வந்தாச்சா?” என்றாள் நாஷே, தன் பேச்சில்.

“ஹை, அம்மா! வந்துட்டேன், வந்துட்டேன்,” என்று சீனத்தில் சொல்லிச் சிரித்தாள் வீமோ. “கதவைத் திற, நனைஞ்சு தொப்பலா இருக்கேன்.”

அந்தச் சொல் புரிந்ததால்தானே பதில் சொன்னாள்? புரியாமலும் சொல்லலாம், வாசலில் நிற்கிறவளிடம் தாய் வேறு என்ன கேட்கப் போகிறாள். இடது செருப்பில் மட்டும் சேறு இருந்தது. ஏன் ஒன்றில் மட்டும்? சேறு இரண்டு காலுக்கும் சமமாகப் பங்கு போட்டா ஒட்டும், மூடு வாயை. போன தடவை எடுத்துக்கொண்டு போன குடை இல்லை. கேட்கலாமா? மறந்துட்டேன் என்பாள். எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

“வந்தாச்சா?”

“என்னம்மா இது விளையாட்டு? குளிருது.” சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. சீனம், தெளிவான, பள்ளிக்கூடத்துச் சீனம். நாஷேயின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. இன்னும் ஒரு தடவைதான் இருக்கிறது. மூன்றாவதற்கும் பதில் வராவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டும், அழுதாலும் கெஞ்சினாலும் சேவல் கூவும் வரை திறக்கக் கூடாது. அம்மா அப்படித்தான் செய்திருப்பாள், கண்ணில் தண்ணீர் வழியச் சாத்தியிருப்பாள். கேட்காமலே விட்டுவிட்டால்? கேட்காமல் விட்டால் வழி முடியாது, பெண் பாதியிலேயே நிற்பாள், இந்த வாசலிலேயே, ஆயுள் முழுக்க. அந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வழிகிற தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள் வீமோ, சின்னதில் துடைக்கிற மாதிரியே, உள்ளிருந்து வெளியே. எனக்கு இவள் வேண்டும், என்றது நாஷேயின் மனது, வேறு எதையும் யோசிக்காமல். எப்படி வந்திருந்தாலும் எனக்கு வேண்டும்.

“வந்தாச்சா?” என்று மூன்றாம் தடவை கேட்டாள். வீமோவின் உதடு பிரிந்தது. அது எந்தப் பேச்சுக்குப் பிரிந்தது என்று தெரிவதற்கு முன்னால், நாஷே அவசர அவசரமாகத் தானே சொன்னாள். “வந்தாச்சு.”

யார் வந்தது என்று அந்தச் சொல் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. கதவை அகலத் திறந்து, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டு சில்லென்று இருந்தது. மழையில் நனைந்தால் இருக்கத்தானே செய்யும். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள், இரண்டு கன்னத்தையும் அழுத்தித் துடைத்தாள், கட்டிக்கொண்டாள், வீமோ ஐயோ விடும்மா என்று சிரித்தாள். மேஜையில் உட்காரவைத்து மிளகாயும் வினிகரும் போட்டுப் பிசறி வைத்திருந்த வேர்த் தட்டை முன்னால் நகர்த்தினாள். வீமோ குனிந்தாள். முகம் சுருங்கியது. ஒரு விரலால் தட்டைத் திரும்ப நாஷேயின் பக்கமே தள்ளினாள்.

“என்னம்மா இது, மீன் நாத்தம்?” என்றாள். “பஸ்ஸில வந்தது குமட்டுது போல. வேற ஏதாச்சும் குடு.”

குமட்டும், மலைப் பாதையில் யாருக்கும் குமட்டும். நாஷே தட்டை எடுத்துப்போய்க் குழாயடியில் வைத்தாள். அடுப்பின் மேல் சோறு சூடாக இருந்தது. கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். கேட்டவளும் அவள், பதில் சொன்னவளும் அவள். இனி வந்ததற்குச் சோறு போட வேண்டியதுதான்.